பச்சை குத்திக்கலாமா, வேணாமா?

அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. என் பழைய ரேங்க் கார்டுல அவர் போட்ட கையெழுத்தை அப்படியே மணிக்கட்டுல பச்சை குத்திக்கணும்னு ஒரு ஆசை. தங்கமணி "பேசாம இருங்க"ன்னுட்டாங்க :-)

பாட்டி கையில கோலம் இருக்கும். சின்ன வயசுல யாரோ பிடிச்சு உக்கார வெச்சு குத்திவிட்டது. வேணுமான்னு யாரும் கேட்கலை, அதனால பாட்டி வருத்தப்பட்டதும் இல்லை. நாமளா தேர்ந்தெடுத்தாதான் இந்த வம்பெல்லாம். நண்பன் ஒருத்தன் காதலி பேரைக் குத்திக்கிட்டு, வேற பொண்ணைக் கட்டி, இப்போ மே மாசத்துலயும் முழுக்கை சட்டைதான். மை தோலோட உள்ளடுக்குல போய் உக்காந்துக்குது. லேசர்ல எடுக்க பல தடவை போகணும், அப்பவும் முழுசா போகும்னு உத்தரவாதம் இல்லை.

அப்பா கையெழுத்து அப்படி மாறாதுதான். ஆனா குத்தினா 12 மாசம் ரத்தம் கொடுக்கக் கூடாதுங்கறது நம்ம நாட்டு விதி. அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் ரத்தம் கொடுத்தாங்க. அதுலேர்ந்து நானும் வருஷத்துக்கு மூணு தடவை கொடுக்கறேன். அவர் ஞாபகமா அதை நிறுத்தறதா?

குத்திக்கறவங்களை தப்பு சொல்லலை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டும் ஆசை போகலைன்னா தாராளமா குத்திக்குங்க. எனக்கு இப்போதைக்கு ரேங்க் கார்டே போதும்.