எந்த நாட்டில் பதிவு?

நாட்டரசன்கோட்டைப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. அந்த மரம் வந்த தேசத்தில் நகரத்தார் வைத்திருந்த சொத்து நிற்கவில்லை. 1930-களின் இறுதியில், பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் கொண்டுவிக்கப் போனவர்களின் கைக்கு வந்திருந்தது. (பர்மியக் குடியானவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான், அது தனி விஷயம்.) 1942-ல் ஜப்பானியர் புகுந்தனர். 1948-ல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1963-ல் பாங்குகளும் சர்க்கார் வசமாயின. பேரேட்டில் பிழை இல்லை. பேரேடு இருந்த தேசத்தின் சட்டம்தான் மாறிப்போயிற்று.

இந்தப் பழைய சங்கடம் இப்போது கம்ப்யூட்டர் உலகத்துக்கு வந்திருக்கிறது. யாரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்று விடப்பட்ட மென்பொருளுக்குத் தேசம் கிடையாது. நிலத்தைப் போல அதை யாரும் பறித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அதன் பெயரைக் காக்கவும், நன்கொடை வாங்கவும், சர்வருக்கு வாடகை கட்டவும் ஓர் அறநிலையம் வேண்டும். அறநிலையம் ஏதாவது ஒரு நாட்டுச் சட்டத்தின் கீழ்தானே இருக்க முடியும்?

தமிழிலும் வேலை செய்யும் லிப்ரெஆபீஸை நடத்துகிறவர்கள் 2010-ல் ஒரு பெரிய கம்பெனியின் பிடியிலிருந்து பிரிந்து வந்த தொண்டர்கள். அவர்கள் ஜெர்மனியைத் தேர்ந்தார்கள். ஒருமுறை எழுதி வைத்த நோக்கத்தை நிறுவியவர்களே நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாதபடி அங்கே அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மூலதனத்துக்கு வேண்டிய 50,000 யூரோ எட்டே நாளில் சேர்ந்தது. பதிவு முடிய 2012 பிப்ரவரி ஆயிற்று. அவசரப்படாதது நல்லதே.

அமெரிக்காவில் பதிந்தால் அமெரிக்கத் தடைச் சட்டங்களும் கூடவே வரும். 2024 அக்டோபரில் லினக்ஸ் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ருஷ்யத் தொடர்புடைய பலரின் பெயர்கள் நீக்கப்பட்டதற்கு அதுவே காரணம். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சில்லுக்கு அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு முன்யோசனையுடன் 2020-லேயே ஸ்விட்ஸர்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் லேசானதல்ல. ஓர் அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்வோம். இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை விடாத அண்ணன் தம் சேமிப்பிலிருந்து பாங்கு வழியாக ஊருக்கு அனுப்பினால் அது அந்நிய நிதி அல்ல. அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட தம்பி அதே தொகையை அனுப்பினால் அது அந்நிய நிதி! அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகள் பணி செய்து 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். 2020 திருத்தத்துக்குப் பின், பணம் டெல்லியிலுள்ள ஒரே ஸ்டேட் பாங்குக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; இன்னொரு சங்கத்துக்கு அதில் ஒரு காசும் மாற்றிவிட முடியாது. குறும்பணி செய்யும் சங்கங்களுக்கு இது பெருஞ்சுமை. சர்க்கார் இதைத் தளர்த்த வேண்டும்.

அதற்காகச் செட்டிநாட்டு இளைஞர்கள் முகம் தெரியாத தரகர் பேச்சைக் கேட்டு அயல்நாட்டில் பெயர்ப்பலகை மாட்டுவது புத்திசாலித்தனமல்ல. அங்கே கையெழுத்திடவும் வருஷக் கணக்கு ஒப்புவிக்கவும் ஆள் வேண்டாமா? வேலை செய்கிறவர்களும் பயன்பெறுகிறவர்களும் இங்கே இருக்கும்போது பதிவும் இங்கேயே இருப்பதுதான் முறை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். மூன்று ஆண்டுக் கணக்கும் அன்றே தொடங்கிவிடும். தம்பியின் பணம் அதற்குப் பிறகு வரட்டும்.