கடலின் பாரமும் அடக்கிய மூச்சும்

முத்துக்குளிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது அடக்கிய மூச்சு. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கிய நம் முன்னோர், ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்தனர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்றவையே கடைசிப் பெரும் முத்துக்குளிப்புகள். எனினும் சங்கு குளித்தல் நின்றுவிடவில்லை. மூச்சு வாங்கும் முறைதான் மாறியது. படகிலுள்ள கம்ப்ரெசரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றைப் பெற்று, நெடுநேரம் அடியில் தங்கிச் சங்கு தேடுவோர் இன்று உளர். இம்மாற்றத்தில் மறைந்திருக்கும் ஆபத்தைக் கடலோரக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

அசையாது நிற்கும் நீருக்கும் பாரம் உண்டு. மேலுள்ள நீரைக் கீழுள்ள நீர் தாங்குவதால், ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடுகிறது. அது நீர்ப்பரப்பின் அகலத்தைப் பொறுத்ததன்று. குறுகிய கிணற்றில் 10 மீட்டர் ஆழத்திலும், கரை காணாக் கடலில் 10 மீட்டர் ஆழத்திலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. நீருக்குள் ஒரே இடத்தில் அது எல்லாத் திசைகளிலும் சமமாக அழுத்தும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் தெளிவுபடுத்தினார்.

நம்மைச் சூழ்ந்த காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் பாரமாக அழுத்துகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது சுமார் ஐந்தரைப் பாகத்துக்கும், அதே அளவு அழுத்தம் மேலும் சேர்கிறது. எனவே 10 மீட்டரில் அது இருமடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு.

இவ்வளவு பாரத்தில் உடல் நசுங்காதது ஏன்? உடலின் பெரும்பகுதி நீர். நீர் எளிதில் சுருங்குவதில்லை. காற்றோ சுருங்கும். அழுத்தம் இருமடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும் என்பது ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி. இறங்கும்போது முதலில் செவி வலிப்பதும் இதனாலேயே. செவிப்பறைக்கு உட்புறமுள்ள காற்று சுருங்க, நீர் அப்பறையை உள்நோக்கித் தள்ளுகிறது. மூக்கைப் பிடித்து மெல்லக் காற்றை உந்திச் செவியைச் சமன் செய்வது அதற்காகவே.

இனி மூச்சுக்கு வருவோம். முன்னோர் 6 லிட்டர் காற்றுடன் இறங்கினால், 20 மீட்டரில் அது 2 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 லிட்டராகும். கொண்டுபோன காற்றே திரும்பி வருவதால், அதன் விரிவினால் நுரையீரலுக்குத் தீங்கில்லை. கம்ப்ரெசர் தரும் காற்று அவ்வாறன்று. அது அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறது. 20 மீட்டரில் 6 லிட்டர் நிரப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அக்காற்று 18 லிட்டராக விரிய முயலும். அதற்கு இடமேது? நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கக்கூடும். சில மீட்டர் ஆழத்திலிருந்து எழும்போதும் இது நேரலாம். தந்தையைக் காத்த பழக்கமே மகனுக்கு எமனாகிறது!

மற்றோர் ஆபத்தும் உண்டு. அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கையில் நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல் அது குமிழியிடும். இதனை 1878இல் போல் பெர்ட் விளக்கினார். 1908இல் ஹால்டேன், படிப்படியாக நின்று மேலேறும் முறையை வகுத்தார்.

ஆகவே குழாயில் மூச்சு வாங்குவோர் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. வெளிவிட்டுக்கொண்டே மெதுவாக மேலேற வேண்டும். கரை சேர்ந்து சில மணி நேரத்தில் மூட்டு வலியோ, கால் மரத்தலோ, சிறுநீர் கழிக்க இயலாமையோ தோன்றினால், வாதம் என்றெண்ணி எண்ணெய் தேய்த்து இருந்துவிட வேண்டாம். வலி தீர மீண்டும் கடலில் இறங்குவதும் தகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். பிராண வாயுவும், அழுத்த அறையில் அளிக்கும் சிகிச்சையுமே இதற்கு மருந்து. குளிக்கச் செல்பவர் மட்டுமன்று, வீட்டில் காத்திருப்போரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும். அடையாளம் முதலில் தெரிவது பெரும்பாலும் வீட்டில்தான்.