டர்போ கார் ஆயில் குடிக்குதா? டர்போவை மாற்றும் முன் இதைப் பாருங்க!

திருவள்ளூர் ஆலையில் அன்று மிட்சுபிஷி லான்சர், இன்று சிட்ரோயன் சி3. இப்போது அதில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் உண்டு. டர்போ கார்கள் பெருகும்போது கூடவே வரும் கேள்வி: 'ஆயில் ஏன் குறையுது?'

என்ன நடக்குது?

இன்ஜினில் எரியும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் கசியும். இதுதான் 'ப்ளோ-பை'. டர்போவில் அழுத்தம் அதிகம், கசிவும் அதிகம். இதை வெளியே விட பிஎஸ்-6 விதி அனுமதிக்காது. பிசிவி வால்வு வழியாக மீண்டும் இன்ஜினுக்கே போகும்.

எப்போது சிக்கல்?

டர்போ பைப்பில் லேசான ஆயில் ஈரம் சகஜம். ஆனால் பிசிவி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். சீல் கசியும், டர்போவிலிருந்து ஆயில் இறங்காது, நீலப் புகை வரும். பழி டர்போ மேல் விழும், செலவோ பல மடங்கு.

என்ன செய்யணும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் குறைந்த தூரமே ஓட்டுறீங்களா? இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்தினால் ஈரம் தங்கி, ஆயில் கெட்டியாகும். அதனால் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்க. புகை வந்தால் முதலில் பிசிவியைச் சோதிக்கச் சொல்லுங்க. குழாயைக் கழற்றி வெளியே விடுவது தீர்வல்ல, அது விதிமீறல்.