சுவருக்குள் கிடைத்த நாற்காலி

சென்னை திருவல்லிக்கேணியில், கடற்கரைக்குச் சற்று உள்ளே இருக்கும் அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனையை அந்தப் பேட்டையின் பழைய மனிதர்கள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். 1885இல் அது தொடங்கியபோது சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை என்பது அதன் பெயரிலேயே இருந்தது. அயல் ஆணின் கண்ணில் படக்கூடாதவர்கள் என்று வீட்டுக்குள் வைக்கப்பட்டிருந்த பெண்கள், பிரசவ வலியில் துடித்தாலும் ஆண் மருத்துவரிடம் கொண்டுபோகப்படாமல் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கண்டு மனம் பொறுக்காதவர்களில் ஒருவர், வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப். 1875இல் இன்னும் மூன்று பெண்களோடு அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் மாணவியாக நுழைந்தார். பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே அந்தக் கதவு திறந்ததற்கு, எட்வர்டு பால்ஃபர் என்ற தலைமை அறுவை மருத்துவ அதிகாரியின் ஆதரவும் ஒரு காரணம். லண்டன் சென்று 1882இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷார்லீபின் முயற்சியில்தான் கோஷா ஆஸ்பத்திரி எழுந்தது.

கதவு எதனால் திறந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண்ணுக்கும் மருத்துவம் படிக்கும் உரிமை உண்டு என்று யாரும் மனம் மாறிவிடவில்லை. ஆண் தொட முடியாத உடல்கள் இருந்தன, அவற்றைத் தொட ஆள் தேவைப்பட்டது. பெண்ணை அடைத்து வைத்த சுவரே, அந்தச் சுவருக்குள் இன்னொரு பெண்ணுக்கு வேலையையும் அதிகாரத்தையும் தந்தது. வரலாறு இப்படித்தான் கோணலாக நடக்கிறது. வைசிராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி 1885இல் தொடங்கிய நிதியும், 1914இல் உருவான இந்தியப் பெண்கள் மருத்துவப் பணியும், 1916இல் டெல்லியில் திறந்த லேடி ஹார்டிஞ் கல்லூரியும் அந்தச் சுவரின் நிழலில் வளர்ந்தவை. ஆண்களின் மருத்துவப் பணிக்கு இருந்த மதிப்பு அவற்றுக்கு இருந்ததில்லை. கோஷா ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் இருந்த சாதி என்ற சொல், எத்தனை பெண்களை வெளியே நிறுத்தியது என்பதையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாட முடியாது. ஆனாலும் அங்கே கண்காணிப்பாளர் பெண், அறுவை செய்தவர் பெண், கணக்கு கேட்டவரும் பெண். விசாகப்பட்டினத்தில் பிறந்து அந்தப் பெண்கள் மருத்துவப் பணியில் சேர்ந்து அதன் உச்சிவரை உயர்ந்த ஹில்டா லாசரஸ், பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகத்தை அவர் கற்றுக்கொண்ட இடம் அந்தத் தனி உலகம்.

வேலூரின் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில் ஓடியது. 1918இல் மருத்துவர் ஐடா ஸ்கட்டர் அங்கே தொடங்கியது பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. 1938இல் சென்னை மாகாண அரசு பழைய டிப்ளமோ படிப்பை நிறுத்தியபோது, பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயராவிட்டால் பள்ளியே மூடப்படும் என்ற நிலை வந்தது. அதற்கு வேண்டிய பணமோ பெருந்தொகை. கூட்டு முயற்சியாக மாறினால்தான் பிழைக்கலாம் என்றானபோது, ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் யோசனை எழுந்தது. பெண்கள் கல்லூரிக்கென்று அமெரிக்காவில் பணம் திரட்டித் தந்த லூசி பீபாடி அதைத் துரோகமாகவே கருதினார். ஐடாவோ கல்லூரி உயிரோடிருப்பதே முதன்மை என்ற முடிவுக்கு வந்தார். 1942இல் பட்டப்படிப்பு வந்தது, 1947இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். அன்று ஐடா செய்ததைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமெல்லாம் அறிந்த அந்தப் பெரும் மருத்துவமனை அதனால்தான் வளர்ந்தது. ஆனால் பீபாடியின் அச்சத்தையும் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை. பெண்கள் நடத்திய நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாகும்போது, அதன் தலைமை யாருக்குப் போகும் என்பதை அவர் முன்கூட்டியே கேட்டுவிட்டார்.

தலைமைக்கு வந்த இன்னொரு வகைப் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, தச்சுவேலையும் அவர்களுடையதே. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து அதன் துணைத் தலைவரானார். தேவதாசி ஒழிப்பையும் அவ்வை இல்லத்தையும் நாம் நினைவு வைத்திருக்கும் அளவுக்கு, புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் நடத்திய நீண்ட மன்றாடலை நினைவு வைத்திருக்கவில்லை. அவருடைய தங்கை அந்நோயில் இறந்தது 1920களில். அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது 1954இல். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் வி. சாந்தா. அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தும் அதை விட்டு இந்தச் சிறு கூடாரத்துக்கு வந்தவர், இயக்குநராகி, தலைவராகி, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். பெண்கள் மருத்துவத் துறையில் தலைமை ஏற்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நாம் இந்தப் பெயர்களைச் சொல்லிவிடுகிறோம். ஒரு மருத்துவமனையையே கட்டி எழுப்பினால்தான் அதற்குத் தலைமை ஏற்கலாம் என்ற விதி ஆண்களுக்கு என்றைக்காவது இருந்ததா என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

கோஷா முறை போய்விட்டது. மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் சரிபாதியாக அமர்ந்திருப்பது இன்று யாருக்கும் செய்தியில்லை. டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் 1956இல், ராஜ்குமாரி அம்ரித் கவுர் என்ற பெண் சுகாதார அமைச்சரின் விடாமுயற்சியால் உருவானது. அதன் இயக்குநர் நாற்காலியில் ஒரு பெண் அமர 1984வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதிரியக்க மருத்துவரான ஸ்நேஹ் பார்கவா பொறுப்பேற்ற வேளையில்தான் குண்டடிபட்ட இந்திரா காந்தியை அங்கே கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் நெடுங்காலம் இன்னொரு பெண் அந்த அறைக்குள் இயக்குநராக வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வேர் 1911இல் ஊன்றப்பட்டது, ஜி. வி. சத்யவதி அதன் முதல் பெண் தலைமை இயக்குநரானது 1994இல். அடுத்தவர், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வில் பல்லாண்டுகள் உழைத்த சௌம்யா சுவாமிநாதன், 2015இல். உலகெங்கும் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள், மூத்த தலைமைப் பொறுப்புகளில் 25 சதவீதம் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்கிட்டபோது, அது நமக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல என்று தெரிந்தது. அதில் ஆறுதல் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கூர்ந்து பார்த்தால் சுவரும் முழுதாக இடியவில்லை. மகப்பேறு மருத்துவத் துறைக்குப் பெண் தலைவர் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அறுவை சிகிச்சைத் துறைக்கு என்றால் பத்திரிகையில் படம் வருகிறது. தமிழ்நாட்டின் பிரசவ மரணங்கள் குறைந்த பெருமையில் பெரும்பங்கு கிராம சுகாதாரச் செவிலியர்களுடையது. ஆளுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர்களை நடந்தே அளந்தவர்கள் அவர்கள். எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தசோகை, எந்த வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிற்று என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுடைய பதவி ஏணி பகுதிச் செவிலியர், சமுதாயச் செவிலியர் என்று ஏறி மாவட்டத் தாய் சேய் நல அலுவலரோடு நின்றுவிடும். தாயும் சேயும் என்ற அந்த வட்டத்துக்குள் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம், வட்டத்தைத் தாண்டி மாவட்டச் சுகாதாரத்தின் மேசைக்குப் போக வழியில்லை. ஷார்லீபின் காலத்துக் கட்டடம் அதே அளவுகளில் அரசாணையாக எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் பின்னே போனால், பிறப்பறையின் ஒரே அதிகாரியாக இருந்த ஊர் மருத்துவச்சியைப் பயிற்சி இல்லாதவள் என்று ஓரங்கட்டிவிட்டுத்தான் நவீன மருத்துவம் உள்ளே வந்தது. அவளிடம் அழுக்கும் ஆபத்தும் இருந்தன, உண்மைதான். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கமும் அவளோடு போயிற்று.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஊர்தோறும் வீடுதேடிச் சுகாதாரப் பணி செய்யும் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது வழங்கியது. அது உலகச் சுகாதாரத் தலைவர்களுக்கான விருது. பத்து லட்சம் பெண்களைத் தலைவர்கள் என்று ஜெனீவா அழைத்த அந்த நாளிலும், நம் அரசாங்கப் பதிவேட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். சம்பளம் என்று ஒன்று கிடையாது, செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகையும் மதிப்பூதியமும் உண்டு. மூன்றாண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்னால் அவர்களில் ஒரு பகுதியினர் அமர்ந்தார்கள். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தில் அவர்கள் கேட்டவை, மதிப்பூதியம் 21,000 ரூபாய் ஆக வேண்டும் என்பதும், ஓய்வுபெறும்போது கையில் ஐந்து லட்சம் வேண்டும் என்பதும்.