உலக சபையின் வீட்டு நியாயம்

எந்த நாட்டு சர்க்காராவது தன் குடிகளைச் சரியான விசாரணையின்றித் தண்டித்தால், அதைக் கண்டித்துப் பேச ஐக்கிய நாடுகள் சபை என்று ஒரு பெரிய ஸ்தாபனம் இருக்கிறது. 1948-ம் வருஷத்தில் அது வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 10-வது பிரிவு, யாருடைய வழக்கானாலும் நடுநிலைமையுள்ள சுதந்திரமான நீதிஸ்தலத்தில் பகிரங்கமாக விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது. மெத்த சந்தோஷம். ஆனால் அந்த ஸ்தாபனத்திலேயே வேலை பார்க்கிற ஒரு குமாஸ்தாவையோ மோட்டார் டிரைவரையோ மேலதிகாரி அநியாயமாக விலக்கினால் அவன் எங்கே போய் முறையிடுவது?

“அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போகட்டுமே” என்பீர்கள். போக முடியாது. 1946-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி, சபை தானே சம்மதித்தாலொழிய எந்த நாட்டுக் கோர்ட்டும் அதன் மேல் வழக்கு எடுக்கக் கூடாது. இந்த விலக்கே தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு நாட்டு சர்க்கார் தன் கோர்ட்டைக் கொண்டு பொது ஸ்தாபனத்தின் கழுத்தைத் திருகாமலிருக்க அது வேண்டியதுதான். ஆனால் வெளிக்கதவைச் சாத்துகிறவன் உள்ளே ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டாமா? ஒப்பந்தச் சச்சரவுகளைத் தீர்க்கத் தக்க வழி செய்ய வேண்டும் என்று அந்த உடன்படிக்கையின் 29-வது பிரிவே சொல்லுகிறது.

அந்த உள்கதவின் கதையைக் கேளுங்கள். இதற்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் 1927-ல் தன் சிப்பந்திகளுக்கென்று ஒரு நீதிமன்றம் ஏற்படுத்தியது. 1946-ல் அந்த மன்றம் 13 வழக்குகளில் சிப்பந்திகளுக்குப் பணம் கொடுக்கத் தீர்ப்புச் சொல்லிற்று. கலைந்து போகிற தறுவாயில் கூடிய சங்கத்தின் சபையோ, அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது என்று கைவிரித்து விட்டது! தான் வைத்த கோர்ட், தான் எழுதிய சட்டம். தீர்ப்பு மட்டும் தனக்கு விரோதமானால் செல்லாதாம்.

ஐக்கிய நாடுகள் சபையும் அதே வழியில் போகப் பார்த்தது. 1952, 1953-ம் வருஷங்களில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது, விசாரணைக் கமிட்டியின் முன் பதில் சொல்ல மறுத்த அமெரிக்க சிப்பந்திகளைச் சபை வேலையிலிருந்து நீக்கிற்று. அவர்களில் 11 பேருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சபையின் நீதிமன்றம் 1953-ல் தீர்ப்பளித்தது. கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கா நின்றது. கடைசியில் 1954 ஜூலை 13-ந்தேதி ஹேக் சர்வதேச நீதிமன்றம், சபை தன் நீதிமன்றத்தின் தீர்ப்பை மறுக்க உரிமையில்லை என்று அபிப்பிராயம் கூறிய பிறகுதான் விவகாரம் முடிந்தது.

அப்படியும் 2009 வரையில் முறை எப்படியிருந்தது? மனுக்காரனின் முறையீட்டை முதலில் அதே ஆபீஸ் சிப்பந்திகள் அடங்கிய ஒரு போர்டு கேட்கும். அது யோசனைதான் சொல்லலாம். முடிவு செய்கிறவர் பொதுக் காரியதரிசி. அதாவது யார் உத்தரவின் மேல் புகாரோ அவரே முடிவு சொல்வார். நான் சிறு வயதில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினேன். இரண்டு மாதச் சம்பளம் பிடித்துக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். ஞாயம் கேட்கப் போனபோது, “என் மைத்துனரிடம் சொல்லு, அவர் விசாரிப்பார்” என்றார் முதலாளி. மைத்துனரும் விசாரித்தார், சம்பளம் இன்னும் வரவில்லை. நியூயார்க்கில் நடந்ததற்கும் இதற்கும் கட்டிடத்தின் உயரந்தான் வித்தியாசம்.

2006-ல் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட நிபுணர் குழு இந்த முறையைப் பார்த்து, இது காலங்கடந்தது, உதவாதது, சுதந்திரமில்லாதது என்று எழுதியது. அதன் பேரில் 2009 ஜூலை 1 முதல் தொழில் நீதிபதிகள் கொண்ட இரண்டு மன்றங்கள் வந்தன. முதல் மன்றம் நியூயார்க், ஜெனிவா, நைரோபி ஆகிய மூன்று ஊர்களில் இருக்கிறது. மேலே ஒரு அப்பீல் மன்றம். சிப்பந்திக்குச் சட்ட உதவி செய்ய ஒரு ஆபீஸும் உண்டு. இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் ஓட்டை அடைபடவில்லை. வேலை நீக்க உத்தரவை ரத்து செய்தாலும், ஆளைத் திரும்ப எடுக்காமல் பணம் கொடுத்துத் தப்பித்துக் கொள்ள நிர்வாகத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணமும் விசேஷ சந்தர்ப்பம் தவிர இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. பொக்கிஷமோ பொதுப் பணம். அநியாயம் செய்த அதிகாரிக்கு வலிக்குமா?

“கொழுத்த சம்பளக்காரர்களுக்காக நாம் ஏன் அழ வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். ரசாயன ஆயுதத் தடை ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த பிரேசில்காரர் ஜோசே புஸ்தானியைப் பாருங்கள். ஈராக்கை அந்த உடன்படிக்கையில் சேர்க்க அவர் முயன்றார், அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை, 2002-ல் ஓட்டெடுத்து நீக்கினார்கள். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் நீதிமன்றம் 2003-ல் அது சட்ட விரோதம் என்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. பதவி திரும்பவில்லை; அதற்குள் ஈராக்கின் மேல் யுத்தமும் நடந்து விட்டது. தலைவன் கதியே இதுவானால், கீழேயுள்ளவன் பெரிய தேசத்துக்குக் கசக்கிற உண்மையை அறிக்கையில் எழுதுவானா?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தற்காலிக ஒப்பந்தக்காரர்கள், ஆலோசகர்கள், சம்பளமின்றிப் பயிற்சி பெறும் வாலிபர்கள் ஆகியோருக்குப் புதிய மன்றத்தில் இடமே கிடையாது. ஒப்பந்தக்காரனுக்கு மத்தியஸ்த விசாரணைதான் வழி என்கிறார்கள். மத்தியஸ்தருக்கும் வக்கீலுக்கும் கூலி கொடுக்கிற சக்தி, வேலை போனவனுக்கு எங்கிருந்து வரும்? சிப்பந்திக்கு ஒரு நியாயம், பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்கிற ஒப்பந்தக்காரனுக்கு ஒரு நியாயம் என்பது மநுவின் புஸ்தகத்தில் இருந்தால் நமக்கு ஆச்சரியமில்லை; மனித உரிமைப் பிரகடனம் எழுதிய வீட்டில் இருக்கலாமா?

மன்றத்தின் கதவை இவர்களுக்கும் திறப்பதும், இரண்டு வருஷ வரம்பை எடுப்பதும், தப்பு செய்த அதிகாரியின் சம்பளத்திலேயே கொஞ்சம் பிடிப்பதும் பொதுச் சபை நினைத்தால் ஆகக் கூடியவை. சபையின் நீதி நிர்வாகம் வருஷந்தோறும் அங்கே விவாதத்துக்கு வருகிறது. இந்தியாவுக்கும் அங்கே ஒரு ஓட்டு உண்டு. அந்த விவாதத்தில் நம் பிரதிநிதி என்ன பேசினார் என்று நம் பார்லிமெண்ட் மெம்பர்களில் ஒருவராவது ஒரு கேள்வி போடட்டும்.