காரிடார் லைட்டும் நம்ம சிலபஸ்தான்

"எரியுற வரைக்கும் எரியட்டும், ஃப்யூஸ் போனதும் எல்இடி மாத்திக்கலாம்." ஹாஸ்டல் டியூப்லைட்டை மாத்தச் சொன்னா பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கேட்கச் சிக்கனமா இருக்கு. கணக்குப் போட்டா தலைகீழா இருக்கு.

பழைய டியூப் 36 வாட்ஸ். கூட இருக்குற காப்பர் சோக் பத்துப் பதினஞ்சு வாட்ஸைச் சூடாவே வீணாக்கும். ஆக மொத்தம் சுமார் 50 வாட்ஸ். அதே இடத்துக்கு 20 வாட்ஸ் எல்இடி பேட்டன் போதும்.

மிச்சம் 30 வாட்ஸ்தானேன்னு நினைக்காதீங்க. காரிடார் லைட் தினமும் 12 மணி நேரம் எரிஞ்சா, வருஷத்துக்கு 131 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சாலே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பேட்டன் விலை 300 ரூபாய்னு வெச்சுக்கங்க. போட்ட காசு நாலே மாசத்துல கைக்கு வந்துடும். நல்லா எரியுற டியூப்பைக் கழட்டுறது வீண் செலவு இல்ல, அதை எரிய விடுறதுதான் வீண் செலவு.

அதுக்காக எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணும்னு சொல்லல. எப்பவாவது திறக்குற ஸ்டோர் ரூம் காத்திருக்கலாம். காரிடார், மெஸ், லைப்ரரி மாதிரி அதிக நேரம் எரியுற இடங்கள் முதல்ல. கழட்டுன டியூப்களை ஹாஸ்டலுக்குப் பின்னாடி வீசவும் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கு. உடைஞ்சா அதைக் கூட்டி அள்ளப்போறது துப்புரவு வேலை பார்க்குற அக்காதான். முறையா மறுசுழற்சி செய்றவங்ககிட்ட கொடுக்கணும்.

இதையெல்லாம் யார் கணக்கெடுக்குறது? நாமதான். நீல எல்இடி கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014-ல இயற்பியல் நோபல் கொடுத்தாங்கன்னு தெரியும். பேண்ட்கேப் பத்தி 16 மார்க்குக்கு எழுதுவோம். ஆனா நம்ம பிளாக்ல எத்தனை சோக் ஓடுதுன்னு தெரியாது. ரெடிமேடா புராஜெக்ட் வாங்குற காசுக்கு ஒரு வாட்மீட்டர் வாங்கலாம். ஒரு பிளாக்கை அளந்து, எங்கே எத்தனை லைட், எத்தனை மணி நேரம்னு பட்டியல் போட்டா அதுவே உருப்படியான புராஜெக்ட். வைவாவுல யார் கேட்டாலும் தைரியமா பதில் சொல்லலாம்.

"நாம மே மாசம் கிளம்பிடுவோம், நமக்கென்ன?"ங்கறீங்களா? அந்த கரண்ட் பில் ஜூனியர்ஸ் கட்டப்போற ஃபீஸ்லதான் வந்து நிக்கும். கிளம்புறதுக்குள்ள ஒரு பிளாக்கையாவது எண்ணி முடிங்க.