உடைந்த காலோடு ஓட்டம் முடிந்துவிடுமா? லூக் ஷா மீண்டு வந்த கதையும், நம்ம ஊர் பசங்களுக்கு அதில் உள்ள பாடமும்

மைதானத்தில் ஒரு வீரனுக்குக் கால் உடைந்தால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான். "அவ்வளவுதான்... இவன் ஆட்டம் முடிஞ்சுது."

வடசென்னை வியாசர்பாடியில் இருந்து குமரி மாவட்டம் தூத்தூர் கடற்கரை வரை, கால்பந்து என்றால் உயிரை விடும் ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. பகலில் வேலை, சாயங்காலம் பந்து என்று ஓடும் வாலிபர்கள் ஏராளம். இவர்களில் ஒருவனுக்குக் கால் முறிந்தால் விளையாட்டு மட்டும் நிற்காது. வீட்டில் அடுப்பு எரிவதும் சந்தேகமாகிவிடும்.

உண்மையிலேயே கால் உடைந்தால் கதை முடிந்ததா? இல்லை என்பதற்கு உலக கால்பந்தில் பல சாட்சிகள் இருக்கிறார்கள். அதில் முக்கியமானவர் இங்கிலாந்தின் லூக் ஷா. காலையே எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் யோசிக்கும் நிலைக்குப் போய், அதே காலோடு ஐரோப்பிய கோப்பை இறுதிப் போட்டியில் கோல் போட்டவர்!

15-வது நிமிடத்தில் பயங்கரம்

2015 செப்டம்பர் 15. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரம். சாம்பியன்ஸ் லீக் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டும் பி.எஸ்.வி. அணியும் மோதின. இடதுபுற தடுப்பாட்டக்காரரான லூக் ஷாவுக்கு அப்போது 20 வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஏறத்தாழ 3 கோடி பவுண்டு கொடுத்து சவுதாம்ப்டன் அணியில் இருந்து அவரை வாங்கியிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கி 15 நிமிடம் இருக்கும். பந்தை எடுத்துக்கொண்டு எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் பாய்ந்தார் ஷா. குறுக்கே சறுக்கி வந்து மறித்தார் மெக்சிகோ வீரர் ஹெக்டர் மொரேனோ. அடுத்த நொடி ஷாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. ஆக்சிஜன் வைத்து, சுமார் 9 நிமிடம் மைதானத்திலேயே சிகிச்சை கொடுத்த பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர் பெனால்டியும் கொடுக்கவில்லை, கார்டும் காட்டவில்லை.

இதில் இன்னொரு விஷயம். மறித்த மொரேனோவும் கால் உடைந்த வேதனையை அனுபவித்தவர்தான். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குக் கால் முறிந்தது. அடிபட்டவருக்கு எப்படி இருக்கும் என்று அந்த மைதானத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எலும்பை விட ஆபத்து... ரத்தக்கட்டி!

நெதர்லாந்திலேயே ஷாவுக்கு ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த செய்தி "கால் முறிவு" என்பது மட்டும்தான். உள்ளே நடந்தது வேறு.

காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. காலின் பக்கவாட்டில் கீறி, கட்டிகளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் காலையே எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்ததாம். இது ஷாவுக்கே சுமார் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். 2018-ல் அவரே இதை வெளியில் சொன்னார்.

கால் முறிவு என்றால் எலும்பு மட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் காலைக் காவு வாங்குவது பெரும்பாலும் எலும்பு அல்ல, ரத்த ஓட்டம் தடைபடுவதுதான்.

கெண்டைக்கால் பகுதியில் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, விரியாத கெட்டியான உறைக்குள் இருக்கின்றன. எலும்பு முறிந்து ரத்தம் கசிந்தால் உள்ளே வீக்கம் ஏறும். உறை விரியாது. அழுத்தம் கூடக்கூட ரத்தக் குழாய்கள் நெரிபடும். "கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம்" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சில மணி நேரம், சுமார் ஆறு மணி நேரம் தாண்டினாலே தசை சாக ஆரம்பித்துவிடும். உடனே கீறிவிட்டு அழுத்தத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி.

அடையாளம் என்ன? ஊசி, மாத்திரைக்கும் அடங்காத வலி. கால் விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி. மரத்துப் போவது, கால் கல்லு மாதிரி இறுகுவது. இப்படி இருந்தால் "கட்டு போட்டாச்சு, காலைல பாத்துக்கலாம்" என்று படுத்துவிடக் கூடாது.

சென்னை மறக்க முடியாத சோகம்

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2022 நவம்பரில் சென்னையில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி. அவருக்கு எலும்பு கூட முறியவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்ததற்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு போட்ட கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் நின்றுபோனது. காலை எடுத்தார்கள். அப்புறமும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர்கள் 2 பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

ஷாவுக்கும் ரத்த ஓட்டத்தில்தான் சிக்கல், அந்தப் பெண்ணுக்கும் ரத்த ஓட்டத்தில்தான் சிக்கல். ஒரு இடத்தில் நேரத்தோடு கவனித்தார்கள், கால் தப்பியது. இன்னொரு இடத்தில் கவனிக்கவில்லை, ஒரு உயிரே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்தது சில மணி நேரம்தான்.

எலும்பு கூடுவது எப்படி?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்புகள். தடியானது டிபியா. உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது இதுதான். பக்கத்தில் மெல்லியது ஃபிபுலா. கால்பந்தில் பெரும்பாலும் உடைவது இந்த இரண்டும்தான்.

டிபியாவின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு! அங்கே சதையே கிடையாது. அதனால் முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது சுலபம். ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் கூடுவதும் மெதுவாகத்தான்.

இப்போது பெரியவர்களுக்கு இந்த எலும்பு முறிந்தால், உள்ளே இருக்கும் மஜ்ஜைக் குழி வழியாக நீளமாக ஒரு கம்பியைச் செலுத்தி, மேலேயும் கீழேயும் ஸ்குரூ போடுவது வழக்கம். கம்பி எலும்பை ஒட்டாது, அசையாமல் பிடித்து மட்டும் வைத்திருக்கும். ஒட்டுகிற வேலையைச் செய்வது உடம்புதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். சில வாரத்தில் அங்கே ரப்பர் மாதிரி புது திசு வளரும். அப்புறம் அது இறுகி எலும்பாகும். டிபியா நன்றாகக் கூட சாதாரணமாக 4 முதல் 6 மாதம் ஆகும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

எலும்பு கூடினால் வேலை முடிந்ததா? இல்லை. பாதி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அசைக்காமல் வைத்த காலில் தொடைச் சதை வற்றிப் போயிருக்கும். கணுக்கால் மடங்காது. நடை, ஓட்டம், திடீர் திருப்பம், கடைசியில்தான் பந்து என்று ஒவ்வொரு படியாக பிசியோதெரபி செய்ய வேண்டும். ஷாவுக்கும் இதற்கெல்லாம் 10 மாதம் பிடித்தது. 2016 ஜூலையில் பயிற்சி ஆட்டங்களில் இறங்கினார். ஆகஸ்டு 7-ந்தேதி லெஸ்டர் அணிக்கு எதிராக கம்யூனிட்டி ஷீல்டு போட்டியில் ஆடினார்.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்த இரண்டு வருஷம் அணியில் நிலையான இடமில்லை. மேனேஜர் மொரின்யோ எல்லோர் முன்னாலும் குறை சொன்னார். 2018 ஆகஸ்டில்தான் சீனியர் கால்பந்தில் தன் முதல் கோலைப் போட்டார். 2018-19 சீசனில் அந்த அணியின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அதாவது கால் உடைந்து பழைய ஷா திரும்பி வர மூன்று வருஷம் பிடித்தது.

2021 ஜூலை 11. லண்டன் வெம்பிளி மைதானம். இத்தாலிக்கு எதிரான ஐரோப்பிய கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கி 2 நிமிடம் கூட ஆகவில்லை. ஷாவின் இடது கால் உதை வலைக்குள் புகுந்தது! இங்கிலாந்துக்காக அவர் அடித்த முதல் கோல். ஐரோப்பிய கோப்பை இறுதிப் போட்டிகளிலேயே மிக வேகமான கோலும் அதுதான். பெனால்டி ஷூட் அவுட்டில் இங்கிலாந்து தோற்றது வேறு கதை.

மீண்டவர்களும் மீளாதவர்களும்

ஷா மட்டும் அல்ல. 2010 பிப்ரவரி 27-ல் ஸ்டோக் மைதானத்தில் அர்செனல் வீரர் ஆரோன் ராம்சேக்கு இதே மாதிரி இரண்டு எலும்பும் முறிந்தன. அப்போது அவருக்கு 19 வயது. அந்த ஆண்டு நவம்பரில் வேறு ஒரு அணிக்கு இரவலாகப் போய், சின்ன ஆட்டங்களில் காலைப் பழக்கினார். 2014 எப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல்தான் அர்செனலின் 9 ஆண்டு கோப்பை பஞ்சத்தைத் தீர்த்தது. அயர்லாந்து கேப்டன் சீமஸ் கோல்மனுக்கு 2017 மார்ச்சில் கால் உடைந்தது. 2018 ஜனவரி 31-ல் திரும்ப ஆடினார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1996 ஏப்ரல் 8-ல் ஓல்டு டிராபோர்டு மைதானத்தில் கோவென்ட்ரி வீரர் டேவிட் பஸ்ட் காலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. காயத்தில் கிருமித் தொற்று. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். கால் தப்பியது. ஆனால் கால்பந்து வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

மன தைரியத்தில் இவர்கள் யாரும் ஒருவருக்கு ஒருவர் குறைந்தவர்கள் இல்லை. முறிவு எப்படிப்பட்டது, காயத்தில் கிருமி புகுந்ததா, ரத்த ஓட்டம் நின்றதா என்பதுதான் வித்தியாசம். "மன உறுதியால் மீண்டார்" என்று எழுதுவது சுலபம். மன உறுதி தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் முதல் சில மணி நேரம் சரியாக இருக்க வேண்டும்.

நம்ம பசங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

ஷா படுத்திருந்த 10 மாதமும் கிளப் அவரைப் பார்த்துக்கொண்டது. டாக்டர், பிசியோ எல்லாம் கிளப் செலவு. நம்ம ஊரில் லோடு ஏற்றுபவருக்கோ, டெலிவரி வேலை பார்ப்பவருக்கோ, மீன்பிடிப் படகில் போகிறவருக்கோ கால் உடைந்தால்? கூலி அன்றே கட். இதனால்தான் பலர் அரைகுறையாகக் கூடிய காலோடு வேலைக்குப் போய், மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். "பிசியோவுக்கு எங்க நேரம்?" என்று விட்டுவிடுகிறார்கள். கால் கூடும், ஆனால் ஓட்டம் வராது.

இரண்டு வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. கார்டு இல்லாதவர்கள் கால் உடைந்த பிறகு அலையாமல் முன்னாலேயே வாங்கி வைப்பது நல்லது.

இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி என்றால், விளையாடும்போது அடிபட்டாலும் நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருந்தால், 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இது பல பேருக்குத் தெரிவதே இல்லை. அதே நேரம், டிபியா கூட 4 முதல் 6 மாதம். உதவித்தொகையோ 3 மாதம். மீதி மாதங்களுக்கு என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. டோர்னமெண்ட் நடத்தி ஆளுயர கோப்பை கொடுப்பவர்கள், ஆடுகிற பசங்களுக்கு ஒரு விபத்து இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தால் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம்.

மைதானத்தில் செய்ய வேண்டியது

* காலை இழுத்து நேராக்காதீர்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

* முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி பலகையோ, மடித்த அட்டையோ வைத்து லேசாகக் கட்டுங்கள். இறுக்க வேண்டாம்.

* எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள்.

* ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அதனால் சாப்பாடு, ஜூஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.

* 108-க்கு போன் போடுங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் எங்கேயும் இறுக்கிக் கட்டு போட்டுக்கொள்ளாதீர்கள்.

* ஷின் கார்டு இல்லாமல் இறங்காதீர்கள். கால்பந்து விதிப்படியே அது கட்டாயம். பெரிய முறிவை அது தடுக்காது. ராம்சேயும் ஷாவும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள். ஆனால் சின்னச் சின்ன அடிகளில் இருந்து எலும்பைக் காப்பாற்றும்.

2015-ல் உடைந்த காலில் மாட்டியிருந்த உலோகத்தை எடுக்க, 2022-ல் ஷா மறுபடியும் ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டியிருந்தது. உடைந்து 7 வருஷம் கழித்தும் அந்தக் கால் அவரை விடவில்லை. அவரும் ஆட்டத்தை விடவில்லை. 2024 ஐரோப்பிய கோப்பை இறுதிப் போட்டியிலும் இங்கிலாந்து அணிக்காக இறங்கினார்.

"இவன் ஆட்டம் முடிஞ்சுது" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், முதலில் 108-க்கு போன் போட்டாச்சா என்று கேளுங்கள்.